உச்ச நீதிமன்றத்தில் வாதாட தனித் தேர்வு எழுத வேண்டுமா? ஜார்ஜ் டவுனில் தொழில் செய்யும் ஒரு வழக்கறிஞரின் கேள்விக்குப் பதில்

கேள்வி இதுதான். கேட்டவர் தண்டையார்பேட்டைக்காரர். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்தவர். ஜார்ஜ் டவுன் நீதிமன்றங்களிலும் உயர் நீதிமன்றத்திலும் தொழில் செய்கிறார். பழைய வண்ணாரப்பேட்டையில் போகியத்துக்கு இருக்கும் ஒரு வயதான அம்மா அவருடைய கட்சிக்காரர். உயர் நீதிமன்றத்தில் அவருடைய இரண்டாம் மேல்முறையீடு தள்ளுபடியாகி நாற்பது நாள் ஆகிறது. “டெல்லிக்குப் போனால் நானே வாதாடலாமா? அதற்கென்று தனித் தேர்வு உண்டு என்கிறார்களே, எழுதினால்தான் உள்ளே விடுவார்களா? சென்னையை விட்டுப் போகாமலே அந்தத் தகுதியை வாங்க முடியுமா?”

மூன்று கேள்விகளுக்கும் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாதாடலாம், அதற்குத் தேர்வு வேண்டாம். ஆனால் உங்கள் கையெழுத்தில் அங்கே ஒரு தாள்கூடத் தாக்கல் ஆகாது. தேர்வு அந்தக் கையெழுத்து உரிமைக்குத்தான். அந்த உரிமை வேண்டுமென்றால் டெல்லியில் அலுவலகம் வைத்தாக வேண்டும், சென்னையிலிருந்தபடி முடியாது.

நம் உயர் நீதிமன்றத்தில் வக்காலத்து போட்டவரே மனு தாக்கல் செய்கிறார், ரிட்டர்ன் ஆனால் சரிசெய்து திரும்பக் கொடுக்கிறார், அவரே எழுந்து நின்று வாதாடுகிறார். எல்லாம் ஒரே ஆள் செய்வதால், இவை இரண்டு தனித்தனி உரிமைகள் என்பதே நமக்குத் தோன்றுவதில்லை. உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. வாதாடுவது ஒன்று. கட்சிக்காரருக்காக வக்காலத்து போடுவது, தாக்கல் செய்வது, நோட்டீஸ் வாங்குவது, பணம் கட்டுவது, பதிவகத்துக்குப் பதில் சொல்வது எல்லாம் சேர்ந்தது இன்னொன்று. இரண்டாவது வேலையைச் செய்பவர்தான் அட்வகேட்-ஆன்-ரெக்கார்ட், சுருக்கமாக ஏ.ஓ.ஆர். பழைய ஃபெடரல் கோர்ட்டில் இந்த வேலைக்கு ‘ஏஜென்ட்’ என்று ஒரு பிரிவினர் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 1950-ல் தொடங்கியபோதும் அந்த ஏற்பாடு தொடர்ந்தது. அந்த இடத்துக்குப் பின்னால் வந்தவர்தான் ஏ.ஓ.ஆர்.

சட்ட அடிப்படையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், தேர்வு எழுதினால் அங்கேயும் கேட்பார்கள். அரசியலமைப்பின் 145(1)(அ) பிரிவு, தன் முன் தொழில் செய்பவர்களைப் பற்றி விதி வகுக்கும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றத்துக்குத் தருகிறது. வழக்கறிஞர்கள் சட்டம் 1961-ன் 30-வது பிரிவு இந்தியாவின் எல்லா நீதிமன்றங்களிலும் தொழில் செய்யும் உரிமையை நமக்குக் கொடுத்தாலும், அதே சட்டத்தின் 52-வது பிரிவு உச்ச நீதிமன்றத்தின் இந்த விதி வகுக்கும் அதிகாரத்தைத் தொடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறது. இப்போது நடைமுறையில் உள்ளவை உச்ச நீதிமன்ற விதிகள் 2013. 2014 ஆகஸ்ட் 19 முதல் அமலில் இருக்கின்றன. நமக்கு வேண்டியதெல்லாம் அதில் நான்காம் ஆணையில் இருக்கிறது.

இந்த விதியை எதிர்த்து முதலில் வழக்குப் போட்டவர்களில் ஒருவர் நம் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கியவர். லில்லி தாமஸ் 1955-ல் இங்கே பதிவு செய்துகொண்டு பிறகு டெல்லிக்குப் போனவர். தகுதி நிர்ணயிப்பது நாடாளுமன்றத்தின் வேலை, விதி வகுக்கும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு நீதிமன்றம் தேர்வு வைக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். 1964-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. யார் தன் முன் தொழில் செய்யலாம் என்று சொல்லும் அதிகாரத்துக்குள் தகுதி நிர்ணயிப்பதும் அடங்கும் என்று தீர்ப்பானது. அரை நூற்றாண்டு கழித்து 2013-ல், தண்டனை பெற்ற மக்கள் பிரதிநிதிகளின் பதவியைக் காத்துவந்த சட்டப்பிரிவை ரத்து செய்ய வைத்தவரும் அவர்தான். 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றத்திலும் ஏ.ஓ.ஆர். முறை கேள்விக்குள்ளாகி நிலைத்தது. ஆகவே அது செல்லுமா என்ற விவாதத்தில் இப்போது நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

தேர்வு எழுதாமல் நீங்கள் அங்கே என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். எந்த மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்தவரும் உச்ச நீதிமன்றத்தில் தோன்றலாம். பதிவு செய்து ஓராண்டு ஆகாதவர் வாய்தா கேட்பது, தேதி கேட்பது போன்றவற்றுக்கு மட்டும் நிற்கலாம். உங்களுக்கு அந்தத் தடை தாண்டி வெகுநாளாயிற்று. மிச்சமிருப்பது ஒரே நிபந்தனை. அந்த வழக்கின் ஏ.ஓ.ஆர். உங்களை நியமித்திருக்க வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றமே அனுமதிக்க வேண்டும். மூத்த வழக்கறிஞர் என்று பட்டம் பெற்றவரானாலும் ஏ.ஓ.ஆர். இல்லாமல் அங்கே நிற்க முடியாது.

அன்று யார் வாதாடுகிறார்களோ அவர்கள் பெயரை ஏ.ஓ.ஆர்.தான் பதிவு செய்து கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு வழக்குக்கு இருபது பெயர் ஏறும். 2024 செப்டம்பரிலும் 2025 மார்ச்சிலும் வந்த தீர்ப்புகளுக்குப் பிறகு, நேரில் இருந்து வாதாடுபவர், அவருக்கு உதவியாக ஒருவர் என்ற அளவில் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆகவே உங்கள் பெயர் உத்தரவில் வர வேண்டுமென்றால் ஏ.ஓ.ஆரிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள். பதிவு எண்ணை எழுத்துப்பிழை இல்லாமல் அனுப்புங்கள். காணொலியிலும் வாதாடலாம். நேரில் போனால் கவுன் கட்டாயம். ஜார்ஜ் டவுனில் கோட்டும் பேண்டுமாகப் பழகியவர்கள் அதை வீட்டில் விட்டுவிட்டு ஒன்றரை நாள் ரயிலில் போய் இறங்கிவிடக் கூடாது.

ஆக, உங்கள் கையிலிருப்பது ஒரே ஒரு வழக்கு என்றால் தேர்வை மறந்துவிட்டு நல்ல ஏ.ஓ.ஆர். ஒருவரைப் பிடியுங்கள். ஆண்டுக்கு நாலைந்து வழக்கு டெல்லிக்குப் போகிறது என்றாலும் இதுவே என் கருத்து. ஊரை மாற்றிக்கொள்ளத் தயார் என்றால்தான் தேர்வைப் பற்றி யோசிக்க வேண்டும். ஏன் என்பது தகுதி நிபந்தனைகளைப் பார்த்தாலே புரியும்.

பயிற்சி தொடங்கும் நாளில் பார் கவுன்சில் பதிவு நான்கு ஆண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதன் பிறகு ஓராண்டு தொடர்ச்சியாக, பத்தாண்டுக்குக் குறையாத அனுபவமுள்ள ஒரு ஏ.ஓ.ஆரிடம் பயிற்சி. அதை முடித்த பிறகுதான் தேர்வு. பலர் தடுக்கி விழும் இடம் இந்த வரிசைதான். மூன்று ஆண்டு முடிந்ததுமே டெல்லிக்குப் போய் ஒரு அலுவலகத்தில் சேர்ந்துவிடுவார்கள், இரண்டு வருடம் உழைப்பார்கள், விண்ணப்பிக்கும்போது முதல் வருடம் கணக்கில் வராது. உங்கள் விஷயத்தில் 2025 ஆகஸ்டுக்கு முன் பார்த்த எந்தப் பயிற்சியும் செல்லாது. அடுத்த தவறு, பயிற்சி தொடங்கியதை நீதிமன்றப் பதிவகத்துக்கு அப்போதே எழுத்தில் தெரிவிக்காமல் விடுவது. பயிற்சி கொடுக்கும் ஏ.ஓ.ஆரின் கடிதம் போய், அதற்கு அத்தாட்சி கையில் இருக்க வேண்டும். கடைசியில் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். பதிவு செய்து பத்தாண்டு ஆனவர்களுக்குப் பயிற்சியிலிருந்து தலைமை நீதிபதி விலக்கு அளிக்கலாம். அது கேட்டுப் பெறும் சலுகை, உரிமை கிடையாது. தேர்வு அவர்களுக்கும் உண்டு.

தேர்வில் நான்கு தாள்கள். நடைமுறை, வரைவு, தொழில் ஒழுக்கம், முன்னோடித் தீர்ப்புகள். தாளுக்கு 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். நடப்பது டெல்லியில் மட்டும். ஒவ்வொரு தாளிலும் 50, நான்கையும் சேர்த்து 240. இந்தக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். நான்கிலும் ஐம்பது ஐம்பது வாங்கினால் 200-தான் வரும், அது தோல்வி. ஒழுக்கத் தாளிலும் தீர்ப்புத் தாளிலும் எழுபதைத் தொட்டு, வரைவில் விடுவதை ஈடுகட்டுவதுதான் பலரும் தேறும் வழி. மொத்தம் ஐந்து முறைதான் எழுத முடியும். ஒரு தாள் மட்டும் எழுதினாலும் ஒரு வாய்ப்பு போனதாகக் கணக்கு. நான்கிலும் தோற்றவர் அடுத்த தேர்வை எழுத முடியாது. ஆகவே ‘சும்மா எழுதிப் பார்க்கலாம்’ என்ற பேச்சே வேண்டாம்.

இதில் வரைவுத் தாள்தான் ஆளைக் கவிழ்ப்பது. சட்டம் தெரியாமல் இல்லை, கை ஓடாமல். இன்று நாம் எல்லோரும் டைப்பிஸ்டிடம் சொல்லி வாங்குகிறோம், அல்லது பழைய கோப்பைத் திறந்து பெயரை மாற்றுகிறோம். அங்கே மூன்று மணி நேரத்தில் சிறப்பு அனுமதி மனு (மேல்முறையீடு செய்ய உச்ச நீதிமன்றத்தின் அனுமதி கேட்கும் மனு) ஒன்றைச் சுருக்கம், தேதிப் பட்டியல், சட்டக் கேள்விகள், காரணங்கள், வேண்டுதல், இடைக்கால நிவாரணம் என்று முழுசாகக் கையால் எழுதி, அதோடு மாற்றல் மனு, சீராய்வு மனு, அவமதிப்பு மனு என்று வேறு கேள்விகளுக்கும் பதில் எழுத வேண்டும். மூன்று மாதம் முன்பிருந்தே வாரம் இரண்டு மனு கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பழகியவருக்கும், புத்தகத்தில் படித்துவிட்டுப் போனவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த அறையில் தெரிந்துவிடும்.

ஒழுக்கத் தாளுக்கு வி.சி. ரங்கதுரை எதிர் டி. கோபாலன் என்ற 1978-ன் தீர்ப்பைக் கட்டாயம் படியுங்கள். நம் ஊரில் கிளம்பிய வழக்கு. காது கேளாத முதியவர் ஒருவரின் பிராமிசரி நோட்டு வழக்குகளைப் போடுவதாகப் பணம் வாங்கிக்கொண்டு போடாமல் விட்ட வழக்கறிஞர் பற்றியது. மாநில பார் கவுன்சில் ஆறாண்டு தடை போட்டது, இந்திய பார் கவுன்சில் ஓராண்டாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் தண்டனையை வெறும் தடையாகப் பார்க்காமல், இலவச சட்ட உதவிப் பணியோடு சேர்த்தார். கட்சிக்காரர் கட்டணம் பாக்கி வைத்திருந்தாலும் அவருடைய வழக்குக் கட்டை வழக்கறிஞர் பிடித்து வைத்துக்கொள்ள உரிமையில்லை என்ற 2000-ம் ஆண்டு ஆர்.டி. சக்சேனா தீர்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது தேர்வுக்கு மட்டும் வேண்டியதில்லை. நம் ஜார்ஜ் டவுனில் வக்காலத்து மாற்றும்போது தினமும் வரும் தகராறு.

தேறிய பிறகு வருவதுதான் வடசென்னைக்காரருக்குப் பெரிய கதவு. ஏ.ஓ.ஆராகப் பதிவு செய்ய டெல்லியில், உச்ச நீதிமன்றக் கட்டடத்திலிருந்து 16 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அலுவலகம் இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதிவு பெற்ற குமாஸ்தா ஒருவரை வைத்துக்கொள்வதாக உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். விதி ‘டெல்லியில்’ என்று சொல்வதால், தூரம் குறைவு என்று பார்த்து மாநில எல்லை தாண்டி இடம் பிடித்துவிடாதீர்கள். பதிவுக் கட்டணம் விதியில் வெறும் 250 ரூபாய். செலவு கட்டணத்தில் இல்லை. பயிற்சி ஆண்டில் டெல்லியில் தங்கும் செலவு, பிறகு அலுவலக வாடகை, குமாஸ்தா சம்பளம், சென்னைத் தொழில் கைவிட்டுப் போவது, இவைதான் உண்மையான கட்டணம். முதல் தலைமுறையாக வழக்கறிஞராகி, காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வு எட்டாமல் இருப்பதற்குக் காரணம் அறிவுக் குறைவு கிடையாது, இந்த 16 கிலோமீட்டர்தான். அரசியலமைப்பின் 130-வது பிரிவு டெல்லிக்கு வெளியேயும் உச்ச நீதிமன்றம் அமர இடம் கொடுக்கிறது. சென்னையில் ஒரு அமர்வு வேண்டும் என்று தெற்கே நெடுநாளாகக் கேட்பதில் எனக்கு முழு உடன்பாடு.

இனி உங்கள் வழக்கு. நாற்பது நாள் போய்விட்டது என்பதால் இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

இரண்டாம் மேல்முறையீட்டில் தனி நீதிபதி தீர்ப்பு சொல்லிவிட்டால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100ஏ பிரிவு காரணமாக உயர் நீதிமன்றத்துக்குள் மேல்முறையீடு இல்லை. ஆகவே நேராக 136-வது பிரிவில் சிறப்பு அனுமதி மனு. ரிட் வழக்காக இருந்தால் முதலில் இரு நீதிபதிகள் அமர்வுக்குப் போக வேண்டியிருக்கும். அதைத் தாண்டி டெல்லிக்கு ஓடுபவர்களைத் திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. காலக்கெடு 90 நாள். சான்றிட்ட நகலுக்கு மனு போட்ட நாளிலிருந்து நகல் தயாரான நாள் வரை கழியும். ஆனால் மனுவே போடவில்லையென்றால் கழிக்க எதுவும் இல்லை. நகல் கைக்கு வரும் வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. இணையத்தில் ஏறிய தீர்ப்பை வைத்து, சான்றிட்ட நகல் தாக்கல் செய்வதிலிருந்து விலக்கு கோரும் மனுவோடு சேர்த்துத் தாக்கல் செய்யலாம்.

வக்காலத்துத் தாளை ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே வழக்கின் பெயர், நடுவில் ஏ.ஓ.ஆரின் பெயர், கீழே அந்த அம்மாவின் கையெழுத்து. அதற்கும் கீழே ஒரு இடம் இருக்கும். கட்சிக்காரர் ஏ.ஓ.ஆர். முன்னிலையில் கையெழுத்திட்டால், என் முன் கையெழுத்தானது என்று அவர் சான்று எழுத வேண்டும். சென்னையில் ஒரு நோட்டரி முன்போ வழக்கறிஞர் முன்போ கையெழுத்தானால், முறையாகக் கையெழுத்தானது பற்றி நான் திருப்தியடைந்தேன் என்று எழுத வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டையில் போட்ட கையெழுத்தை டெல்லியில் என் முன் போட்டதாக எழுதினால் அது பொய்ச் சான்று. 2024 செப்டம்பர் தீர்ப்பு பிறந்ததே, நான் இந்த வழக்கைப் போடவே சொல்லவில்லை என்று மனுதாரரே வந்து நின்ற ஒரு வழக்கில்தான். ஆகவே கையெழுத்து வாங்கும்போது அந்த அம்மா, நீங்கள், ஏ.ஓ.ஆர். மூவரும் காணொலி அழைப்பில் இருங்கள். அவருடைய அடையாள அட்டை நகலைச் சேர்த்து அனுப்புங்கள். பிரமாணப் பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கும். அவர் தமிழில் கையெழுத்திடுபவர் என்றால், உள்ளடக்கம் தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது, புரிந்துகொண்டார் என்ற வரி அதில் இருக்க வேண்டும். அந்த வரி இருந்தால் போதாது. உண்மையிலேயே படித்துக் காட்டுங்கள். வீடு அவருடையது.

அடுத்தது மொழிபெயர்ப்பு. உங்கள் வழக்கில் உயிர் இங்கேதான் இருக்கிறது. கீழமை நீதிமன்றத்தில் சாட்சியம் தமிழில், ஆவணங்கள் தமிழில். உச்ச நீதிமன்றத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் போக வேண்டும். நீங்களே மொழிபெயர்த்து, அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பிலிருந்து விலக்கு கோரும் மனுவோடு கொடுக்கும் வழக்கம் உண்டு. இப்போது ‘போகியம்’ என்ற சொல்லை எடுங்கள். மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு. நம் பக்கம் வாய்ப்பேச்சில் இதையே ‘லீஸ்’ என்றும் சொல்கிறோம். அவசரத்தில் டைப்பிஸ்ட் ‘லீஸ்’ என்று அடித்துவிட்டால் அந்த அம்மா குத்தகைதாரர் ஆகிவிடுவார், வாடகைச் சட்டத்தின் கேள்விகள் கிளம்பும். அனுபவ பாத்தியதை உள்ள அடமானம் என்று எடுத்தால் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58(ஈ) பிரிவு வரும், கூடவே 59-வது பிரிவின்படி பத்திரம் பதிவானதா என்ற கேள்வியும் வரும். எது சரி என்பது பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்தது. மொழிபெயர்ப்பாளர் அதைத் தீர்மானிக்கக் கூடாது. ‘போகியம்’ என்றே ஒலிபெயர்த்து எழுதிவிட்டு, அதன் நடைமுறை இன்னது என்று விளக்கத்தைச் சேருங்கள். ‘அனுபோகம்’, ‘சுவாதீனம்’ போன்ற சொற்களுக்கும் இதே கவனம் வேண்டும். இதைச் செய்ய டெல்லி ஏ.ஓ.ஆரால் முடியாது, உங்களால்தான் முடியும். சென்னை வழக்கறிஞர் வெறும் தபால்காரராக இருந்துவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

தேதிப் பட்டியலையும் நீங்களே எழுதுங்கள். நீதிபதிகள் முதல்நாள் இரவு படிப்பது பெரும்பாலும் சுருக்கத்தையும் இந்தப் பட்டியலையும்தான். அனுமதிக் கட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். இரண்டாம் மேல்முறையீட்டில் கணிசமான சட்டக் கேள்வியை உயர் நீதிமன்றம் எழுதியதா, எழுதாமலே தீர்த்ததா என்பது பட்டியலின் கடைசி இரண்டு பத்திகளிலேயே தெரிந்துவிட வேண்டும்.

மனுவோடு ஏ.ஓ.ஆர். ஒரு சான்று கொடுக்கிறார். கீழே இருந்த வாதுரைகளுக்கும் ஆவணங்களுக்கும் உட்பட்டே இந்த மனு, புதிதாக எதுவும் சேர்க்கவில்லை என்று. ஆகவே விசாரணையில் குறியிடாத மின்கட்டண ரசீது இப்போது கிடைத்தது என்று இணைப்பில் செருகிவிடாதீர்கள். தேவை என்றால் தனியாக மனு போட்டு அனுமதி கேளுங்கள்.

டிஃபெக்ட், அதாவது மனுவில் பதிவகம் சுட்டிக்காட்டித் திருப்பும் குறைகள், நீளமான விஷயம். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். 2020 ஏப்ரல் 1 முதல் ஏ4 தாள், 75 ஜி.எஸ்.எம்-க்குக் குறையாமல், இரண்டு பக்கமும் அச்சு. டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துரு, அளவு 14, வரி இடைவெளி 1.5, மேற்கோளுக்கு 12. இடதும் வலதும் 4 சென்டிமீட்டர், மேலும் கீழும் 2 சென்டிமீட்டர் விளிம்பு. நாம் இங்கே தாக்கல் செய்த பழைய நீளத் தாள்களை ஜெராக்ஸ் எடுத்துச் சுருக்கினால் எழுத்து மங்கி, படிக்க முடியவில்லை என்று திரும்பி வரும். பழைய பத்திரங்களைத் திரும்ப டைப் செய்து அனுப்புவதே நல்லது. டிஃபெக்ட்களைச் சரிசெய்து திரும்பக் கொடுக்க 28 நாள், எத்தனை முறை திரும்பினாலும் மொத்தம் 90 நாள். தாக்கலானதும் பதிவகம் கொடுக்கும் டைரி எண் விழுந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்து, இந்த இரண்டாவது கெடுவைக் கோட்டைவிடுவது வெளியூர் வழக்குகளில் அதிகம்.

டைரி எண் விழுந்தால் வீட்டைக் காலி செய்ய முடியாது என்று அந்த அம்மாவிடம் யாராவது சொல்லியிருந்தால் திருத்திவிடுங்கள். மனு தாக்கலானதாலேயே எதுவும் நின்றுவிடாது. தடை உத்தரவு கேட்டு இடைக்கால மனு போட்டு, அது கிடைத்தால்தான். அதற்குள் எதிர்த்தரப்பு நிறைவேற்று மனு போட்டு பெய்லிஃப் வந்து நிற்கலாம். எதிர்த்தரப்பு கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று முன்கூட்டியே கொடுக்கும் மனு) போட்டிருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். போட்டிருந்தால் அவர்களுக்கு நகல் கொடுத்தாக வேண்டும்.

ஏ.ஓ.ஆரை எப்படித் தேர்ந்தெடுப்பது? ‘சுப்ரீம் கோர்ட் அட்வகேட்’ என்று பலகை மாட்டியிருப்பது எதையும் காட்டாது. மேலே சொன்ன விதிப்படி நீங்களும் நானும் கூட அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். உச்ச நீதிமன்ற இணையதளத்தில் ஏ.ஓ.ஆர். பட்டியல் இருக்கிறது, அதில் பெயரைப் பாருங்கள். ஒரு சின்னத் தொகைக்குக் கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிறேன், மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்பவரிடம் போகவே போகாதீர்கள். வழக்கில் வேறு பங்கு எடுக்காமல் பெயரை மட்டும் இரவல் கொடுப்பது நான்காம் ஆணையின் 10-வது விதியில் தவறான நடத்தை. 2013-ல் ஒரு தீர்ப்பில் நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. வரைவை வாங்கிப் படித்து, நான்கு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புபவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். கட்டணத்தில் எது வரைவுக்கு, எது தாக்கலுக்கு, எது ஒவ்வொரு தோற்றத்துக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்சிக்காரரிடம் வாங்கிய பணத்துக்குக் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டியது ஏ.ஓ.ஆரின் விதிக் கடமை.

அந்த அம்மாவுக்குப் பணம் ஒரு தடை என்றால், சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன் 12-வது பிரிவைப் பாருங்கள். பெண் என்ற ஒரே காரணத்தாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவிக்கு அவர் தகுதியானவர். உச்ச நீதிமன்ற சட்டப் பணிகள் குழு ஏ.ஓ.ஆரை ஒதுக்கித் தரும். உயர் நீதிமன்ற வளாகத்துப் பக்கமிருக்கும் மாநில ஆணையத்திலேயே விண்ணப்பம் கொடுத்து அனுப்பச் சொல்லலாம். தீர்ப்பு நகல், கீழமைத் தீர்ப்புகள், மொழிபெயர்ப்பு எல்லாம் சேர்ந்து போனால் வேலை வேகமாக நடக்கும். கட்சிக்காரரே நேரில் வாதாடும் வழியும் உண்டு. ஆனால் ஏன் வழக்கறிஞர் வைக்க முடியவில்லை என்று மனு கொடுத்து, பதிவாளரைச் சந்தித்துப் பேசித் தேற வேண்டும், நடவடிக்கை ஆங்கிலத்தில் நடக்கும். இந்த வழக்குக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

எண்ணூர், காட்டுப்பள்ளி மீனவர்களுக்காகப் பசுமைத் தீர்ப்பாயத்தில் நிற்கும் நம் பக்கத்து இளைஞர்களும் இதைக் கேட்கிறார்கள் என்பதால் ஒரு வார்த்தை. தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010-ன் 22-வது பிரிவில் தீர்ப்பாயத்திலிருந்து நேராக உச்ச நீதிமன்றத்துக்கு 90 நாளில் மேல்முறையீடு உண்டு. அதற்கும் ஏ.ஓ.ஆர். வேண்டும். ஆனால் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரத்தை அந்தப் பிரிவு பறிக்கவில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எண்ணூரிலிருந்து பாரிமுனைக்கு வருவது டெல்லிக்குப் போவதைவிடச் சுலபம். எந்த வாசலைத் தட்டுவது என்பதை வழக்கின் தன்மையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உங்களுக்கு மிச்சமிருப்பது ஐம்பது நாள். இன்றைக்கே சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள். இந்த வாரத்துக்குள் ஏ.ஓ.ஆரை முடிவு செய்து வக்காலத்தும் பிரமாணப் பத்திரமும் வாங்குங்கள். சாட்சியங்களில் போகியத்தைப் பற்றிப் பேசும் பக்கங்களை முதலில் மொழிபெயர்க்க உட்காருங்கள், மற்றவை பின்னால் வரட்டும். எழுபதாவது நாளுக்குள் டைரி எண் விழுந்துவிட்டால், டிஃபெக்ட் வந்தாலும் சமாளிக்க இடம் இருக்கும்.